கணக்கில் வராத காற்று

நன்றாகச் சூடேறிய ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆக்ஸிலரேட்டரில் கால் படாமல் நிற்கும்போது நொடிக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம் காற்றைத்தான் உள்ளே எடுக்கிறது. அதே எஞ்சின் முழு மிதியில், நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடும்போது 45 கிராம் வரை கேட்கும். எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்து, நொடிக்கு இரண்டு கிராம் காற்று அதன் வழியே நுழைகிறது என்று வையுங்கள். துர்காபூர் எக்ஸ்பிரஸ்வேயில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அது தெரியவே தெரியாது. அவரே ஷியாம்பஜார் ஐந்து முனைச் சந்திப்பில் சிக்னலுக்கு நிற்கும்போது, 800 சுற்றில் அடங்கியிருக்க வேண்டிய எஞ்சின் 1500இல் இரையும்.

கொல்கத்தாவில் இதைச் சின்னக் குறை என்று விட முடியாது. நகரப் பரப்பில் சாலைக்குக் கிடைத்திருப்பது ஆறு விழுக்காடு அளவு இடம்தான். அந்த இடத்தில் பேருந்தும் ஆட்டோவும் கைரிக்‌ஷாவும் தள்ளுவண்டியும் காரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்கின்றன. இங்கே ஒரு கார் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகமோ என்று தோன்றும். ஐடிலிங், அதாவது நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம், தூக்கலாக இருந்தால் கிளட்சை விடும்போது வண்டி குதிக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் என்றால் முன்னால் நிற்பவரை இடித்துவிடாமல் இருக்க பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே உட்கார வேண்டும். 2021 ஜூலையிலேயே லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டிவிட்ட பெட்ரோல், நின்ற இடத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்குப் பதில் ஒன்றேமுக்கால் லிட்டர் என்று போகும்.

இத்தனைக்கும் பெரும்பாலான ஒர்க்‌ஷாப்புகளில் இதற்குக் கிடைக்கும் வைத்தியம் ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஐடிலிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினால் சத்தம் அடங்கிவிடும். வாடிக்கையாளரும் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். நோயைத் தொடாமல் காய்ச்சலை மட்டும் இறக்குகிற வேலை இது என்பதுதான் என் கருத்து. அந்த ஸ்க்ரூ கடைசியாகத் தொட வேண்டிய இடம். ஏன் என்பது புரிய, எஞ்சின் சும்மா நிற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினின் வேகத்தை நாம் பெட்ரோலால் கட்டுப்படுத்துவதில்லை, காற்றால்தான் கட்டுப்படுத்துகிறோம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது திறப்பது காற்றுப் பாதையில் உள்ள த்ராட்டில் என்ற வட்டத் தகடு. எவ்வளவு காற்று போகிறதோ அதற்குத் தக்கபடி பெட்ரோலைச் சேர்ப்பது கார்புரேட்டரின் வேலை, இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டரின் வேலை. காலை எடுத்ததும் தகடு ஏறக்குறைய முழுதாக மூடிக்கொள்கிறது. ஆனால் பிஸ்டன்கள் இறங்கி இறங்கிக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. மூடிய கதவுக்குப் பின்னால் இப்படி உறிஞ்சினால் என்ன ஆகும்? த்ராட்டிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள மேனிஃபோல்டில் காற்றழுத்தம், வெளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிடுகிறது. மெக்கானிக்குகள் வேக்கம் என்பது இதைத்தான்.

இந்த இடத்தில் இயற்பியல் ஒரு அழகான காரியம் செய்கிறது. ஒரு துளைக்கு அந்தப் பக்கம் உள்ள அழுத்தம், இந்தப் பக்கத்தில் இருப்பதில் சுமார் 53 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால், துளை வழியே பாயும் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு கிராம்கூடக் கூடுதலாக வராது. எவ்வளவு காற்று வரும் என்பதை அந்தத் துளையின் பரப்பும் வெளிக்காற்றின் அழுத்தமும் வெப்பமும் மட்டுமே முடிவு செய்யும். ஐடிலிங்கில் நிற்கும் பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களில், த்ராட்டில் தகட்டின் ஓரத்திலுள்ள மெல்லிய இடுக்கு வழியாகக் காற்று ஏறத்தாழ இந்த வேகத்தில்தான் பாய்கிறது. கடல் மட்டத்தை ஒட்டி இருக்கும் கொல்கத்தாவில் சதுர மில்லிமீட்டருக்கு நொடிக்கு 0.23 கிராம் என்று கணக்கு வரும். ஒரு பழைய கார்புரேட்டர் வண்டியை ஊட்டிக்கு ஏற்றினால், அங்கே காற்றழுத்தம் முக்கால் பங்குதான் என்பதால் இதே இடுக்கு வழியாகக் காற்றும் முக்கால் பங்குதான் வரும். ஐடிலிங் தணிந்து வண்டி அணைந்து அணைந்து போகும். மலைக்கு வண்டி ஓட்டிய பழைய டிரைவர்கள் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள்.

நொடிக்கு இரண்டரை கிராம் வேண்டும் என்றால், எஞ்சினுக்குத் தேவைப்படும் திறப்பு மொத்தமே 11 சதுர மில்லிமீட்டர் அளவுதான். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. இப்போது நான்கு மில்லிமீட்டர் துவாரமுள்ள ஒரு வேக்கம் குழாய் கழன்றுவிட்டால்? அதன் பரப்பு 12 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஓரங்களில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் எஞ்சின் குடிக்கும் காற்று இரண்டு மடங்கு ஆகிவிடும். இரண்டு மில்லிமீட்டர் ஓட்டையே கால் பங்கு கூட்டிவிடும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவால் இளநீர் குடிப்பது போலத்தான், எவ்வளவு இழுத்தாலும் பக்கவாட்டில் காற்று வந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாயும் காற்றின் அளவு நிலையானது என்பதால், எரியும் பெட்ரோலும் கிடைக்கும் சக்தியும் ஏறத்தாழ நிலையானவை. எஞ்சின் வேகம் ஏறினால் ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் கிடைக்கும் காற்றின் பங்கு குறையும், உராய்வும் கூடும், வேகம் தானாக இறங்கும். வேகம் இறங்கினால் பங்கு கூடி மீண்டும் ஏறும். அதனால்தான் கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத அந்தக் கால எஞ்சினும், ஒரு ஸ்க்ரூவை வைத்துவிட்டால் மணிக்கணக்கில் ஒரே சுருதியில் நின்றது. அந்தச் சுருதி உயர்ந்துவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒன்றே ஒன்று: எங்கிருந்தோ கூடுதல் காற்று வருகிறது.

இதைக் காதால் கண்டுபிடிக்கக் கற்றவர்கள், மிஸ்திரிகள் எனப்படும் கொல்கத்தாவின் மெக்கானிக்குகள். அவர்களைப் பழக்கியது அம்பாசடர். பி. எம். பிர்லா 1942இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓக்காவிலிருந்து 1948இல் ஹூக்ளி நதியின் மேற்குக் கரையிலுள்ள உத்தர்பாராவுக்கு வந்தது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை காரைத் தழுவி 1950களின் இறுதியில் அங்கே அம்பாசடர் உருவாகத் தொடங்கியது. 2014 மே மாதம் ஆலை நிறுத்தப்படும்வரை வந்துகொண்டிருந்தது. ஆலைக்காகவே எழுந்த ஊருக்கும் ரயில் நிலையத்துக்கும் இன்றும் பெயர் ஹிந்த் மோட்டார்தான். 1960களிலிருந்து கொல்கத்தா டாக்சி என்றாலே அம்பாசடர் என்றாகிவிட்டது. ஒரே மாதிரியான எஞ்சின் ஒரே நகரத்தில் அரை நூற்றாண்டு ஓடினால், அந்த எஞ்சினைப் பற்றிய அறிவு தெருத்தெருவாகப் பரவிவிடும்.

அந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒரே பேக்கிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒன்று கொதிக்கும், இன்னொன்று ஒப்பளவில் குளிர்ந்திருக்கும். சூடாகி விரிந்தும் ஆறிச் சுருங்கியும் நட்டுகள் தளரும், பேக்கிங் ஓரத்தில் கருகும். அங்கே காற்று இழுக்கத் தொடங்கும். அடுத்த இடம், த்ராட்டில் தகட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பி. லட்சக்கணக்கான முறை திரும்பித் திரும்பி, கம்பி உட்காரும் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துவிடும். கம்பியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் அசைவு தெரியும். அந்த அசைவின் அளவுக்கு ஓட்டை இருக்கிறது என்று பொருள். இதில் வேடிக்கையான சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் கம்பி வேறு வேறு இடத்தில் போய் உட்காரும். ஒரு சிக்னலில் 800, அடுத்த சிக்னலில் 1200. அதை ஸ்க்ரூவால் சரி செய்ய முனைகிறவர் வாழ்நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மிஸ்திரி செய்வது எளிமையானது. ஒரு முழம் ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொள்வார். மறுமுனையை மேனிஃபோல்டின் ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் மெதுவாக நகர்த்துவார். எஞ்சினின் மொத்த இரைச்சலும் ஒதுங்கி, ஓர் இடத்தில் மட்டும் மெல்லிய சீறல் கேட்கும். ஒலி வேகத்தை எட்டிய காற்றின் குரல் அது. ‘ஹாவா டான்ச்சே’ என்று நிமிர்வார். நம்மூரில் ‘ஏர் இழுக்குது’ என்பார்கள். பிறகு, அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளிப்பார். நீர் ஓட்டையை ஒரு கணம் அடைக்கும், எஞ்சின் சுருதி ஒரு கணம் இறங்கும். அவ்வளவுதான், நிரூபணம் முடிந்தது. ஒரு கருதுகோள், அதைச் சோதிக்க ஒரு மாற்றம், விளைவைக் கவனித்தல் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கும் அறிவியல் முறை இதுதானே? இந்தக் கைத்திறனுக்குச் சான்றிதழ் கிடையாது என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

தண்ணீருக்குப் பதிலாகக் கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஓட்டை வழியே அது உள்ளே போனால் எஞ்சின் சுருதி மாறுவதால் இடம் தெரிந்துவிடும். சோதனை சரிதான். ஆனால் இரண்டு மேனிஃபோல்டும் ஒட்டி இருக்கும் எஞ்சினில், பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் இரும்பின் மேல் எரியக்கூடிய திரவத்தைத் தெளிக்கிறோம். யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

காற்று மட்டும் கூடினால் வேகம் ஏன் ஏற வேண்டும், பெட்ரோல் அதே அளவுதானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கார்புரேட்டர் வண்டியில் ஐடிலிங்குக்குப் பொதுவாகப் பெட்ரோல் சற்றே தூக்கலான கலவையைத்தான் வைப்பார்கள். கொஞ்சம் காற்று கூடினால் அது இன்னும் நன்றாக எரிந்து வேகம் ஏறும். ஓட்டை பெரிதானால் கலவை மெலிந்து எஞ்சின் திக்கும், குலுங்கும். ஆகவே கார்புரேட்டர் வண்டியில் சீராகவும் வேகமாகவும் இரைந்தால் சிறிய ஓட்டை அல்லது முழுதாக மூடாத த்ராட்டில். வேகமும் குலுக்கலும் சேர்ந்து வந்தால் பெரிய ஓட்டை. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கதை வேறு. நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் கம்ப்யூட்டர் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்பப் பெட்ரோல் ஊற்றுகிறது. ஓட்டை வழியே வந்த காற்றும் அழுத்தத்தை ஏற்றத்தான் செய்யும். கம்ப்யூட்டர் அதையும் நியாயமான காற்று என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டிவிடும். எஞ்சின் துளியும் குலுங்காமல், மிக ஆரோக்கியமான குரலில், 1400இல் நிற்கும். ஆபத்து எதுவும் இல்லை என்று உரிமையாளர் நினைத்துக்கொள்வதற்கு இந்த இனிமையான குரல்தான் காரணம்.

கொல்கத்தா டாக்சிகளில் பிற்காலத்தில் பெரும்பாலானவை டீசல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீசல் எஞ்சினின் வேகத்தைத் தீர்மானிப்பது காற்று அல்ல, பம்ப் செலுத்தும் டீசலின் அளவு. அங்கே இந்தக் காற்றுக் கணக்கு எடுபடாது. கேபிளையும் பம்பையும்தான் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் பெட்ரோல் கார் நிற்கும்போது இரைகிறது. எங்கிருந்து தொடங்குவது? முதலில் அது குறைதானா என்று உறுதிசெய்ய வேண்டும். குளிர்ந்த எஞ்சின் தொடக்கத்தில் 1200, 1500 என்று நிற்பது இயல்பு. உள்ளே எண்ணெய் கெட்டியாக இருக்கும், பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் கம்ப்யூட்டரே கூடுதல் காற்று கொடுக்கிறது. ஏசி போட்டால் கம்ப்ரசரைச் சுழற்றுவதற்காக நூறு, இருநூறு சுற்று ஏற்றிக்கொள்வதும் இயல்பு. சித்திரையிலிருந்து ஐப்பசி வரை ஏசியை அணைக்கவே முடியாத இந்த ஊரில், ஏசி இல்லாமல் தன் கார் என்ன வேகத்தில் நிற்கும் என்பதையே பலர் மறந்திருப்பார்கள். வண்டியை இருபது நிமிடம் ஓட்டி, ஏசி, விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். 700 முதல் 900க்குள் இருந்தால் குறை எதுவும் இல்லை.

அதற்கு மேல் இருந்தால் பானட்டைத் திறக்கும் முன் கீழே குனிந்து பாருங்கள். மழைக்காலத்தில் சேறு படாமல் இருக்கக் கால்மிதியின் மேல் இன்னொரு கால்மிதி, அதன் மேல் ஆனந்தபஜார் பத்திரிகை என்று அடுக்குவது இங்கே வழக்கம். நனைந்து சுருண்ட கால்மிதி ஆக்ஸிலரேட்டர் பெடலின் மேல் ஏறி நிற்பது நான் அறிந்தவரை மிகச் சாதாரணமான காரணம், மிக ஆபத்தானதும்கூட. அடுத்தது கேபிள். அதில் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். இழுத்துக் கட்டினாற்போல் இருந்தால் த்ராட்டில் முழுதாக மூடாது. உள்கம்பி நைந்து பிசிறு அடித்திருந்தால் உறைக்குள் சிக்கிக்கொண்டு, சில நேரம் மட்டும் மூடாமல் நிற்கும். பெடலை ஒரு முறை சட்டென்று மிதித்து விட்டதும் சுருதி இறங்குகிறதென்றால் சந்தேகம் கேபிளிலும் ஸ்பிரிங்கிலும் தகட்டோரத்துக் கரிப் படிவிலும்தான்.

பிறகுதான் குழாய்கள். ரப்பருக்கு எதிரி வெப்பமும் ஓசோனும். பானட்டுக்குள் நாள் முழுக்க 80, 90 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் குழாய் ஏழெட்டு வருடத்தில் இறுகிவிடும், வளைவுகளில் வெடிக்கும். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு குழாயாக, துணி சுற்றிய பிளையரால் மெதுவாக நெரித்துப் பாருங்கள். எதை நெரித்தால் வேகம் இறங்குகிறதோ அதன் வழியாகத்தான் காற்று வருகிறது. இதில் ஒன்றைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்வேன். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை நெரிக்கும்போது வேகம் இறங்கினால், அல்லது பிரேக்கை மிதிக்கும்போது ஐடிலிங் மாறி காலடியில் சீறல் கேட்டால், வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நம் கால் பலத்தைப் பெருக்கிக் கொடுப்பது அந்த வேக்கம்தான். அது கசிகிறது என்றால் பிரேக் பிடிக்கப் பல மடங்கு மிதிக்க வேண்டிய நாள் தூரத்தில் இல்லை.

இந்த ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு, அது வெள்ளம். ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் தந்தனியாவிலும் கல்லூரி வீதியிலும் ஆம்ஹர்ஸ்ட் வீதியிலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதில் இறங்கி ஏறிய காரில், சில வாரம் கழித்து ஐடிலிங் உயரும். தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விட்டதோ என்று பலர் பயப்படுவார்கள். நடந்திருப்பது வேறாக இருக்கலாம். எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார், மின்தடையால் பேசும் கருவி. 20 டிகிரியில் அதன் தடை சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். சூடு ஏற ஏறத் தடை குறையும். அந்தச் சென்சாரின் கனெக்டரில் அழுக்கு நீர் புகுந்து பச்சை பூத்துவிட்டால், அந்தக் களிம்பு 2000 ஓம் கூடுதல் தடையைச் சேர்த்துவிடும் என்று வையுங்கள். எஞ்சின் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது கம்ப்யூட்டர் படிப்பது 2300 ஓம். ஆகவே எஞ்சின் இன்னும் 22 டிகிரியில்தான் இருக்கிறது என்று அது முடிவு செய்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு என்ன செய்யுமோ அதையே செய்கிறது: காற்றைக் கூட்டு, பெட்ரோலைக் கூட்டு. எஞ்சினும் சரி, கம்ப்யூட்டரும் சரி, நடுவே உள்ள இரண்டு செம்பு முனைகள்தான் பொய் சொல்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியை, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி என்ற சோதனைச் சாக்கெட்டில், கம்ப்யூட்டர் அளப்பதைப் படித்துக் காட்டும் ஒரு ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். எஞ்சின் நீரின் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும், இரண்டும் இரவெல்லாம் ஒரே இடத்தில் நின்றவைதானே. காற்று 28 என்று காட்டி, எஞ்சின் நீர் 10 என்று காட்டினால் போதும். ஜூலை மாதக் கொல்கத்தாவில் 10 டிகிரியில் இருக்கக்கூடிய பொருள் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் உண்டு. கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதே நிலையை மனிதர்களே வரவழைப்பதும் உண்டு. வெயில் ஊரில் எஞ்சின் கொதித்துவிடுமோ என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் சென்னையிலும் இருக்கிறது, இங்கும் இருக்கிறது. எஞ்சின் 80, 90 டிகிரிக்கு ஏறும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுப்பது அந்த வால்வு. அது இல்லாவிட்டால் ஜனவரி மாத விடியலில், 14 டிகிரிப் பனியில் கிளம்பும் வண்டி கடைசிவரை சரியாகச் சூடேறாது. கம்ப்யூட்டர் குளிர்ந்த எஞ்சினுக்கான ஐடிலிங்கையே தொடரும், பெட்ரோலையும் கூடவே ஊற்றும். இந்தப் பழக்கத்தை எந்த மிஸ்திரி ஆதரித்தாலும் நான் எதிர்ப்பேன். கொதிக்கிறது என்றால் ரேடியேட்டரைப் பாருங்கள், ஃபேனைப் பாருங்கள், வால்வு கெட்டிருந்தால் புதியது போடுங்கள்.

ஈரப்பதத்தைக் காரணம் காட்டுவோர் பலர். இந்த ஊரின் புழுக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஈரப்பதத்தைச் சொல்வது இயல்புதான். ஆனால் 32 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால்கூட நீராவி காற்றில் நான்கு விழுக்காடு இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. அது எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனைச் சற்றுக் குறைக்கும். வேகத்தை ஏற்றாது.

சில வண்டிகளில் சுருதி உயர்ந்து நிற்பதோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்: 1800, 1000, 1800, 1000. கேட்பவருக்கு எஞ்சின் உயிரை விடப்போகிறது என்று தோன்றும். நடப்பது இது. பெடலில் கால் இல்லை, ஆனால் வேகம் மட்டும் அதிகம் என்றால், வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று கம்ப்யூட்டர் கருதிப் பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் விழுகிறது. ஒரு வரம்புக்குக் கீழே போனதும் மீண்டும் பெட்ரோல் விடுகிறது. திருட்டுக் காற்று இன்னும் வந்துகொண்டிருப்பதால் வேகம் மறுபடி பாய்கிறது. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் எந்த அமைப்பும் இப்படி ஊசலாடக்கூடும். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்கு, வேகத்தைச் சீராக வைக்கும் சுழல் குண்டு கவர்னர் என்ற கருவியைப் பொருத்தினார். அவ்வகைக் கவர்னர்களும் இப்படி ஆடின. எப்போது அடங்கும், எப்போது ஆடும் என்பதை 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணிதமாக எழுதினார். மின்காந்தச் சமன்பாடுகளைத் தந்த அதே மேக்ஸ்வெல்தான்.

த்ராட்டிலுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னக் காற்றுப் பாதை வைத்து, அதை ஒரு மோட்டார் வால்வால் திறந்து மூடி ஐடிலிங்கைக் கட்டுப்படுத்தும் வண்டிகளில், ஸ்கேனர் இன்னொரு நல்ல தடயம் தரும். வால்வை முழுக்க மூடு என்று கம்ப்யூட்டர் கட்டளையிட்டிருக்கிறது, ஆனாலும் எஞ்சின் 1300இல் நிற்கிறது என்றால், காற்று வேறு வழியில் வருகிறது, அல்லது வால்வு கரியில் சிக்கிக் கட்டளையைக் கேட்கவில்லை. வால்வைத் திற என்று கம்ப்யூட்டரே கட்டளையிட்டிருந்தால், யாரோ அதற்குத் தவறான செய்தி சொல்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது சென்சார்களுக்குப் போக வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதித் தேடல் முடிந்துவிடும். கேபிளே இல்லாமல் மின்மோட்டாரால் திறக்கும் புதிய த்ராட்டில்களில், கரியைச் சுத்தம் செய்த பிறகும் பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகும் சில நாள் ஐடிலிங் உயர்ந்து நிற்கலாம். கரியோடு பழகிய கம்ப்யூட்டர், தகட்டை எவ்வளவு திறந்தால் எவ்வளவு காற்று வரும் என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதற்கான முறை வண்டியின் கையேட்டில் இருக்கும்.

மாற்றுக் குழாய்க்குப் பலர் போவது மல்லிக் பஜார். பார்க் ஸ்ட்ரீட்டை ஒட்டி, பழைய வண்டிகளைப் பிரித்து உதிரி உதிரியாக விற்கும் தெருக்கள். அம்பாசடரின் எந்தப் பாகம் வேண்டுமென்றாலும் அங்கே கேட்கலாம். பழைய கார்புரேட்டர் வாங்குவதானால் குறுக்குக் கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆனால் ரப்பர் குழாயைப் பழையதாக வாங்காதீர்கள். அதே வெப்பத்தில் வெந்த இன்னொரு குழாய்தான் அது. மீட்டர் கணக்கில் விற்கும் புதிய வேக்கம் குழாயைக் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர்க் குழாய் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டையை அடைத்ததும் பல நேரங்களில் எஞ்சின் 500க்கு விழுந்து அணைந்துபோகும். வேலை கெட்டுவிட்டது என்று அலற வேண்டாம். முன்பு யாரோ அந்தக் காற்றுக்கு ஈடாக ஸ்க்ரூவைத் தளர்த்தி வைத்திருப்பார்கள். ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டிய நேரம் இதுதான். எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது 800க்குக் கொண்டுவாருங்கள். ஏசியைப் போட்டு, முகப்பு விளக்கைப் போட்டு, பவர் ஸ்டியரிங்கை ஒரு முறை கோடிவரை திருப்பிப் பாருங்கள். சுருதி ஒரு கணம் தணிந்து மீண்டும் நிமிர்ந்தால் சரி. பிறகு புகைச் சோதனைக்குக் கொண்டுபோகலாம். பிஎஸ் நான்கு அல்லது அதற்குப் பிந்தைய மாசு விதியின்படி வந்த பெட்ரோல் கார் ஐடிலிங்கில் 0.3 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் மோனாக்சைடு விடக் கூடாது, எரியாத பெட்ரோல் ஆவி பத்து லட்சத்தில் 200 பங்கைத் தாண்டக் கூடாது. ஓட்டை இல்லாத, உண்மையைச் சொல்லும் சென்சார் உள்ள எஞ்சின் வேறு எந்தத் திருகலும் இல்லாமல் இந்த எண்களுக்குள் நிற்கும்.